வெள்ளைத் துணி கட்டிய வீடு

அவள் தெருவில் நடந்துபோனால் ஜனங்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், அடுத்து வானத்தைப் பார்ப்பார்கள். பாவம், அவள் மளிகைக்கடைக்கு உப்பு வாங்க வந்திருப்பாள். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு, "என்னக்கா, ஏதாவது வருதா?" என்று கேட்பார்.

"ஒண்ணும் வரல. உப்புதான் வேணும்."

அவருக்கு நம்பிக்கை வராது. அவள் தெருமுனை திரும்பியதும் அரிசி மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவார்.

அடையாள அட்டையில் 'பேரிடர் நிவாரண ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்திருந்தது. அவ்வளவு நீளத்தை யார் வாயில் நுழைப்பது? ஊர் அவளுக்கு 'சைரன் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டது. குரலும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கி பழுதான ஒரு நாளில், பள்ளிக்கூட மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சும்மாவே பேசிக் காட்டியவள் அவள். தலை நரைத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் அது. ஒரு வருஷம் புயல் வரும், ஒரு வருஷம் வெள்ளம் வரும், இரண்டும் கைகோத்துக்கொண்டு வருகிற வருஷமும் உண்டு. வந்தால் உதவிக்கு ஆள் வராமல் இல்லை. உள்ளூர்ச் சங்கங்கள், வெளிநாட்டு நிறுவனங்கள், அரசாங்க வண்டிகள் எல்லாமே வரும். நல்ல மனசோடுதான் வருவார்கள். ஆனால் அத்தனை பேரும் தார் போட்ட தெருவுக்கே வருவார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு அரை டஜன் போர்வை கிடைக்கும். அதற்குப் பின்னால், சேற்றில் இறங்கி நடக்க வேண்டிய தெருவுக்கு ஒரு குடம் குடிதண்ணீர் போயிருக்காது. நீ இங்கே போ, நீ அங்கே போ, நீ அதைக் கொண்டுவராதே, இதைக் கொண்டுவா என்று மல்லுக்கட்டுவதுதான் அவள் வேலை.

கூட்டத்துக்குக் கூட்டம் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "போர்வை போதும் சார். கயிறு குடுங்க." கயிறு கொடுத்தால் புகைப்படம் எடுபடாது என்பதால் யாரும் கொடுக்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்தாலே வியர்த்துக் கொட்டுகிற அந்த ஊருக்கு ஒரு நிறுவனம் பெட்டி பெட்டியாகக் கம்பளிக் குல்லாய் அனுப்பியது. முகாம் சமையற்கட்டில் சூடான பாத்திரம் பிடிக்க அவற்றைக் கொடுத்துவிட்டு, 'தங்கள் குல்லாய்கள் மிகவும் பயன்பட்டன' என்று நன்றிக் கடிதம் எழுதினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய கதை ஏதும் கிடையாது. பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்ன நாட்களில் எல்லாம் மழை வந்தது, அவ்வளவுதான். வயது ஐம்பதைத் தாண்டியபிறகு கேட்பாரும் இல்லை. மற்றவர்கள் வீட்டுக்கும் அவளை அதிகம் யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் வந்து உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள், "கேஸ் சிலிண்டரக் கட்டி வெச்சிருக்கீங்களா? பத்திரமெல்லாம் எங்க இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்து, பின்வாசல் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டாள். அன்றிலிருந்து கல்யாண அழைப்புகளும் குறைந்துபோயின.

நிவாரண மையத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கில், தார்ப்பாய்ச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவள் மத்தியானம் சாப்பிடுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை. ரேடியோவில் வானிலை அறிக்கை சொல்பவரிடம், "நேத்தும் இதையேதான்யா சொன்ன" என்று சண்டை போடுவாள். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அவரிடம் நீளமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ரேடியோ எப்போதோ நின்றுபோயிருந்ததைக் கவனித்தாள். அன்றைக்கு அவளுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

வீடு அவள் அப்பா கட்டியது. கால்வாய்க்கரைத் தெருவில், ஊரிலேயே பள்ளமான இடத்தில், ஓட்டுக்கூரையும் ஒரு பரணுமாக இருந்தது. அவளும் அவள் தங்கையும் அங்கேதான் பிறந்து வளர்ந்தார்கள். சண்டை போட்டால் தங்கை பரணில் ஏறி ஒளிந்துகொள்வாள். கண்ட பொருளை எடுத்துக் கண்ட இடத்தில் போட்டுவிடுவாள் என்பதுதான் பெரும்பாலும் சண்டைக்குக் காரணம். "எடுத்ததை எடுத்த இடத்துல வைடி" என்று இவள் தலையில் நறுக்கென்று குட்டுவாள். அந்தக் குட்டுக்குப் பயந்தே தங்கை ஒழுங்கானவள் ஆனாள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

தங்கை கல்யாணமாகிப் பஸ் தூரத்தில் இன்னொரு ஊருக்குப் போனாள். அப்பா இவளோடு இருந்தார். இருந்தார் என்று பெயர்தானே தவிர, இவள் வீட்டில் தங்கினால்தானே? கடைசியில் தங்கை வந்து, "கொஞ்ச நாள் நான் வெச்சுக்கறேன்" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது வீட்டின் இன்னொரு சாவியையும் எடுத்துக்கொண்டாள். ஒரு வெள்ளக் காலத்தில் அங்கேயே அப்பா படுத்த படுக்கையானார். தங்கை போன் செய்தபோது இவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி வடியட்டும். வந்துடறேன்" என்றாள்.

தண்ணீர் நிதானமாக வடிந்தது. அப்பா காத்திருக்கவில்லை. இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தார்கள். தங்கை வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் நீ அக்கா. எனக்கு மட்டும்தான் இல்ல" என்றாள். இவள் வந்த வழியே திரும்பினாள். அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தங்கையின் கணவர் மட்டும் வருஷப் பிறப்புக்கு மனைவிக்குத் தெரியாமல் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். நல்ல மனுஷர்.

வெள்ளைத் துணிப் பழக்கம் அந்த வெள்ளத்தில்தான் பிறந்தது. தேடிப் போனவர்கள் காலி வீடுகளின் கதவைத் தட்டித் தட்டிக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க, ஆள் இருந்த ஒரு வீட்டுக்குப் போவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. அந்தத் துக்கம் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊரைக் கூட்டி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் வாசல் பக்க ஜன்னல் கம்பியில், தலைக்கு மேலே, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

"துணி இருந்தா உள்ள ஆள் இல்ல. நிக்காத, தட்டாத, அடுத்த வீட்டுக்குப் போ. புரிஞ்சுதா?" என்று தொண்டர்களுக்குப் பாடம் எடுத்தாள்.

மழையில்லாத மாதங்களில் ஒத்திகை நடக்கும். வெயிலில் நின்றுகொண்டு வெள்ளம் வந்ததாக நினைத்துக்கொள்ளச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஒரு பெண் தன் கணவரின் ஓட்டை பனியனைக் கட்டிவைத்தாள். "அக்கா, இது துணி கணக்குல வருமா, காத்து கணக்குல வருமா?" என்று கேட்டார் படகுக் குழுவின் தலைவர். அவர் பைக் மெக்கானிக். ஒத்திகையென்றால் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பார். வாய் மட்டும் ஓயாது.

இன்னொரு கறாரான விதியும் வைத்திருந்தாள். வாக்கிடாக்கியில் உயிர் இருக்கிறது, போய்விட்டது என்று எதுவும் சொல்லக் கூடாது. மையத்தில் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் காதில் அது கருவியின் கரகரப்போடு விழ வேண்டாம் என்று நினைத்தாள். 'ஆள் இருக்காங்க' என்று மட்டும் சொல்ல வேண்டும், மிச்சத்தை நேரில் வந்து சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை வந்துவிட்டால் ஊரில் முதல் வெள்ளைத் துணி ஏறுவது அவள் வீட்டு ஜன்னலில்தான். நாமே கட்டாவிட்டால் ஊர் எப்படிக் கட்டும் என்பாள். பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்த பாதி அது. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் அந்தத் துணி எல்லா நாளும் தொங்கியிருக்கலாம்.

அந்தப் புயல் அடுத்த நாள் விடியலில்தான் கரை தொடும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் காலையிலேயே துணியைக் கட்டிவிட்டு மையத்துக்கு வந்து, வழக்கம்போலத் தன் சொந்தப் போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். அந்த மாதிரி நாட்களில் அவள் எடுப்பது மையத்தின் போனை மட்டும்தான். தன்னைத் தேடி யார் கூப்பிடப் போகிறார்கள் என்பதும் ஒரு காரணம். முற்பகலுக்குள் பள்ளமான தெருக்கள் காலியாகிவிட்டன. எல்லோரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஏற்றியாகிவிட்டது. இந்தத் தடவை தப்பித்தோம் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

புயல் அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் வேகம் பிடித்து ஊருக்குள் நுழைந்தது. கால்வாய்க் கரை உடைந்தது. அடம்பிடித்து வீட்டிலேயே இருந்துவிட்ட ஒன்றிரண்டு பேரைத் தேடிப் படகுகள் கிளம்பின. மையத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. அவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் வாக்கிடாக்கியுமாக நின்றாள்.

"பதட்டப்படாதீங்க. படகு கிளம்பிடுச்சு. மேல ஏறி உக்காருங்க, கீழ இறங்காதீங்க." பேசுபவர் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவள் சொன்னது மாறவில்லை. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அவள் வாய்க்கு அந்த வார்த்தைகள் பழகிப்போயிருந்தன.

அடுத்த அழைப்பில் ஒரு ஆண் குரல் தயங்கியது. "அக்கா, நான்தான் பேசறேன்."

தங்கையின் கணவர். அவளுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை.

"சொல்லுங்க. உங்க ஊர்ல தண்ணி ஏறிடுச்சா?"

"இங்க ஒண்ணும் இல்லக்கா. அவ உங்க வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாளா?"

"யாரு?"

"என்னக்கா யாருன்னு கேக்கறீங்க? உங்க தங்கச்சிதான். காலைல ரேடியோல புயல் உங்க ஊருக்குத் திரும்புதுன்னு சொன்னாங்க. உங்க போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தா. நீங்க எடுக்கல. 'ஊருக்கெல்லாம் அவ சொல்லுவா, அவளுக்கு யாரு சொல்லுவா'ன்னு பஸ் ஏறிட்டா. ஊருக்குள்ள இறங்கிட்டேன்னு போன் பண்ணினா. அதுக்கப்புறம் போன் போக மாட்டேங்குதுக்கா."

அவள் இழுப்பறையைத் திறந்தாள். எடுக்காத அழைப்புகள் திரை முழுக்க நின்றன. எல்லாம் ஒரே எண். அந்த எண்ணை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள், ஆனால் அதிலிருந்து அழைப்பு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தங்கையிடம் சாவி இருக்கிறது. நேராக வீட்டுக்குத்தான் போயிருப்பாள். தெரு காலியான பிறகு வந்து இறங்கியிருக்கிறாள். வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்குகிறது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"தம்பி, கால்வாய்க்கரைத் தெரு போனியா?"

"முடிச்சுட்டோம்க்கா" என்றார் மெக்கானிக். "கடைசி வீட்டுப் பெரியவரும் சம்சாரமும் படகுல இருக்காங்க. பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருக்கோம்."

"எங்க வீட்டப் பாத்தியா?"

"பாத்தேனே. தண்ணி ஜன்னல் பாதிக்கு வந்துடுச்சு. உங்க துணிதான் நல்லாத் தெரியுதே, அதான் நிக்காம வந்துட்டோம்."

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"உங்க வீட்டுப் பக்கம் தகரம் அடிக்கிற மாதிரி கேட்டுச்சு. காத்துல ஆடுதுன்னு நினைச்சோம்" என்றார். பிறகு மெதுவாக, "அக்கா, உள்ள யாரு?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி."

"இப்பவே திருப்பறேன்."

படகில் இரண்டு முதியவர்கள் இருந்தார்கள். உடைந்த கரைப் பக்கம் நீரோட்டம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஆளை ஏற்றிக்கொண்டு அங்கே திரும்பக் கூடாது என்று ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். திருப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் திருப்பிவிடுவார், யாரும் அவளைக் குறை சொல்லவும் மாட்டார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அவங்கள இறக்கிட்டுப் போ" என்றாள்.

"அக்கா..."

"இறக்கிட்டுப் போ தம்பி. சீக்கிரம்."

அப்புறம் அவள் தங்கையின் கணவரிடம் பேச வேண்டியிருந்தது. அவர் இன்னும் போனிலேயே இருந்தார்.

"பதட்டப்படாதீங்க" என்றாள். "படகு கிளம்பிடுச்சு."

தன் காதிலேயே அது விழுந்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு மறுமுனையில் நின்றவர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். தோளைத் தொட்டு, எனக்குப் பயமாயிருக்கு என்று சொல்ல அவளுக்கு உரிமையான ஆள் ஒருவரும் இல்லை. போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எடுத்தாள், பேசினாள், எங்கே எத்தனை பேர் என்று கேட்டாள். பரண் உயரமானது, அவள் ஏறியிருப்பாள், சின்ன வயசில் ஏறுவாளே என்று மனசு அடித்துக்கொண்டது. சின்ன வயசில் ஏறியவள் இந்த வயசில் எப்படி ஏறுவாள் என்றும் அதே மனசு கேட்டது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, வந்துட்டோம். கதவு அசைய மாட்டேங்குது. ஓட்டைப் பிரிக்கிறோம்."

பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மழைச் சத்தம் வெளியிலிருந்து வருகிறதா அதிலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஆள் இருக்காங்க" என்றது மெக்கானிக்கின் குரல்.

அவ்வளவுதான். விதிப்படி அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மேலே கேட்கக் கூடாது. எத்தனையோ பேர் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்கள், உசுரோடயான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா என்று. நேரில் சொல்வார்கள், பொறுங்கள் என்று அவள் கையை விடுவித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள்.

"அக்கா, சொல்லக் கூடாதுதான்" என்றார் மெக்கானிக். அவர் குரல் உடைந்திருந்தது. "ஆனா சொல்றேன். திட்டறாங்கக்கா. உங்களத்தான். வாய்க்கு வந்தபடி திட்டறாங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சைரன் அக்கா அழுததை அன்றைக்குத்தான் அந்த மையம் பார்த்தது. சத்தமே வரவில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொல்லி ஆச்சரியப்பட்டார்கள்.

காற்று அடங்கும்வரை அவளால் மையத்தை விட்டு நகர முடியவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒரு வகுப்பறையில் சுவரோடு சாய்ந்து தங்கை உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டை, தோளில் நிவாரணப் போர்வை. முகத்தில் சிராய்ப்பு இருந்தது. தலை நரைத்திருந்தது. அவளுக்கு நரைக்கும் என்று இவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தங்கை ஏறிட்டுப் பார்த்தாள். "இப்பவாவது வந்தியே" என்றாள்.

"காத்து நிக்கட்டும்னு..."

"தெரியும். விடு."

இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஆபீஸ்லதான் இருப்பேன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் இவள்.

"தெரியும். சாப்பாட்டுக்காவது வீட்டுக்கு வருவேன்னு உக்காந்திருந்தேன். நீ வீட்டுக்கே வர மாட்டியாமே, மெக்கானிக் சொன்னார். சமையல்கட்டுல ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவ்வளவுதான் இருக்கு. ஒருத்தர் வந்தா எதுல குடுப்ப?"

"யாரும் வர்றதில்லையே."

தங்கை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பரண்ல ஏறி, ஓட்டு இடுக்கு வழியா படகு போறதப் பாத்தேன்" என்றாள். "அங்க கிடந்த தகரத்த அடிச்சேன், கத்தினேன். ஜன்னலயே பாத்துட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அந்தத் துணி கதைய அப்புறம்தான் சொன்னாங்க."

"நீ வர்றதுக்கு முன்னாடியே கட்டியிருந்தேன். அதப் பாத்துட்டு..."

"பாத்தேன்க்கா. முழுக்க நனைஞ்சு வந்தேனா, ஜன்னல்ல துணி தொங்குது. துவைச்சுக் காயப்போட்டிருக்கன்னு நினைச்சேன். அவுத்துத் தலையத் தொடைச்சேன்."

இவள் திரும்பிப் பார்த்தாள். "அவுத்தியா?"

"ஆமா."

"அப்ப துணி இருந்துச்சுன்னு அவங்க..."

"திரும்பக் கட்டிட்டேன்" என்றாள் தங்கை. "எடுத்தத எடுத்த இடத்துல வைக்கலைன்னா நீ குட்டுவியே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். இவள் தங்கையின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, நரைத்த அந்த உச்சந்தலையை, எத்தனையோ தடவை குட்டிய அதே இடத்தை, திரும்பத் திரும்பத் தடவிக் கொடுத்தாள். வகுப்பறையில் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

ரோடு திறந்ததும் தங்கையின் கணவர் வந்துவிட்டார். வண்டியில் ஏறும்போது தங்கை இவள் கையை விடவில்லை.

"எங்ககூட வந்துடு. வீடுதான் இடிஞ்சு கிடக்கே. தனியா இங்க கிடந்து என்ன பண்ணப் போற?"

இவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு வீட்டில் மூன்று தட்டுகளில் ஒன்று தன்னுடையதாக இருப்பதை நினைத்துப் பார்த்தாள். இடுப்பில் வாக்கிடாக்கி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் லாரி போகவில்லை. குல்லாய் அனுப்பிய அதே நிறுவனம் மறுபடியும் என்னவோ அனுப்பியிருக்கிறதாம்.

"வர்றேன். இங்க கொஞ்சம்..."

"தண்ணி வடியட்டும். அதானே?" என்றாள் தங்கை.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இவளுக்குத் தாங்க முடியவில்லை. வண்டி சேற்றில் குலுங்கிக்கொண்டு போயிற்று. இவள் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, தண்ணீர் லாரியைத் தேடிக்கொண்டு போனாள்.

வீட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் அங்கேயே குடியிருந்தாள். இன்னும் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கிவைத்தாள். தங்கை மாதத்துக்கு ஒரு தடவை போனில் பேசுகிறாள். விலைவாசி, முழங்கால் வலி, வீட்டுக்காரரின் குறட்டை என்று பேச்சு ஓடும். வா என்று அவள் கேட்பதில்லை, வருகிறேன் என்று இவளும் சொல்வதில்லை. வெள்ளைத் துணி விதியை இவள் மாற்றினாள். துணி இருந்தாலும் தட்ட வேண்டும், குரல் கொடுக்க வேண்டும், நின்று காது கொடுத்துக் கேட்டபிறகுதான் நகர வேண்டும். நேரம் பிடிக்கும் என்று தொண்டர்கள் முணுமுணுத்தார்கள். பிடிக்கட்டும் என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்த அன்று காலையில் தங்கை கூப்பிட்டாள். இவள் சொந்தப் போன் இப்போது இழுப்பறையில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தது.

"நான் என் வீட்டுலதான் இருக்கேன். எங்கயும் கிளம்பல. சொல்லிட்டேன், அப்புறம் ஊரக் கூட்டாத" என்றாள் தங்கை.

மத்தியானம் மழை கனத்தது. தெருத் தெருவாகத் தகவல் வந்துகொண்டிருந்தது. கடைசியாக மெக்கானிக் பேசினார்.

"கால்வாய்க்கரைத் தெரு முடிஞ்சுதுக்கா. எல்லா வீட்டுலயும் தட்டிட்டோம்."

அவராகவே சொன்னார்.

"உங்க வீட்டுலயும் தட்டினோம். யாரும் இல்லக்கா."

யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? பூட்டிவிட்டு வந்தவளே அவள்தான். தங்கை தன் ஊரில் பத்திரமாக இருக்கிறாள். அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வர வேறு யாரும் கிடையாது.

"இன்னொரு தடவ தட்டு" என்றாள்.

மெக்கானிக் எதிர்வாதம் பண்ணவில்லை. வாய் ஓயாத மனிதர் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே தட்டியிருக்க வேண்டும், மழைக்கு நடுவில் அவளுடைய கதவில் விழுந்த ஒவ்வொரு தட்டும் மையத்தில் கேட்டது. அவள் கருவியைக் காதோடு வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"யாரும் இல்லக்கா."

"சரி" என்றாள். "அடுத்த தெருவுக்குப் போ."